மணிக்காக ஓடிய மோட்டார்

நாய்ப் பயிற்சியாளன் என்றால் நாயை ‘உட்கார், எழுந்திரு, கை கொடு’ என்று வேலை வாங்குகிறவன் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள்; ஆவணி பிறந்துவிட்டால் என் வேலை, நாயைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவைப்பது மட்டும்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பைக்கில் வீடு வீடாகப் போய்வருகிறேன். மற்ற மாதங்களில் செருப்பைக் கடிக்கிற நாய், கூரியர்காரரைத் துரத்துகிற நாய் என்று விதவிதமாக வரும். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எல்லாப் போனிலும் ஒரே பேச்சு: போன வருஷம் மாதிரி ஆகிவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. ஊரே புதுத்துணியும் பலகாரமுமாக இருக்க, நீங்கள் மட்டும் குளியலறை வாசலில் உட்கார்ந்து ‘ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா’ என்று கதவிடம் சொல்லிக்கொண்டிருந்திருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான்.

வைத்தியத்தில் பெரிய ரகசியம் இல்லை. பட்டாசுச் சத்தத்தைப் போனில் எடுத்து, காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, அதே நேரத்தில் நாய்க்குப் பிடித்ததைத் தின்னக் கொடுக்க வேண்டும். நாள் போகப் போகச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். சத்தம் வந்தால் கூடவே சோறும் வரும் என்று நாய் நம்ப வேண்டும். அதற்கும் அடங்காத பயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நம் வீட்டுத் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம் போதும். அதன் பிறகு மனிதர்கள் செய்கிற காரியங்கள்தான் கதை.

முதல் நாளே முழுச் சத்தம்

அம்பத்தூரில் முப்பது வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் மூன்றாவது மாடியில் கார்த்திக், நிவேதா என்று ஒரு தம்பதி. இருவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மோக்கா என்று ஒரு பீகிள் நாய், வீட்டுக்கே அதுதான் எஜமானி. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். முதல் வாரம் சத்தம் உங்கள் காதுக்கே கேட்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். கார்த்திக் தலையாட்டினார். அன்று சாயங்காலமே, எதற்கு ஆறு வாரம் இழுக்க வேண்டும், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஹோம் தியேட்டரில் போட்டு முழுச் சத்தத்தில் திறந்துவிட்டார்.

மோக்கா வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனது போனதுதான். மறுநாள் நிவேதா எனக்குப் போன் செய்தபோது, அது டிவி ரிமோட்டைப் பார்த்தாலே ஓட ஆரம்பித்திருந்தது. நன்றாகத் திட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பிப் போனேன். திட்ட முடியவில்லை. வாஷிங் மெஷின் ஓரமாகக் கார்த்திக் தரையில் குப்புறப் படுத்திருந்தார். காதில் ஆபீஸ் மீட்டிங், கையில் தயிர்சாதக் கிண்ணம். காலையிலிருந்து அப்படியேதான் கிடக்கிறாராம். அதன் பிறகு ஒரு நாள் விடாமல், ஆறு வாரமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, நான் சொன்ன அளவுக்கு ஒரு புள்ளி கூடாமல் சத்தம் வைத்து ஊட்டினார். தப்பு செய்கிறவர்கள் நிறையப் பேர். செய்த தப்புக்காக இப்படித் தரையில் கிடக்கிறவர் குறைவு. அன்று நான் கிளம்பும்போது அவர் தலையைத் தூக்கிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

“சார், மீட்டிங்ல கேமராவை ஆன் பண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. தரையில படுத்திருக்கேன்னு மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது?”

இஸ்திரி வண்டிக்கு அடியில்

அதே குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, மதிலை ஒட்டிச் செல்வியக்காவின் இஸ்திரி வண்டி நிற்கும். கரி போட்ட கனத்த பெட்டியை நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து அவருடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும். வண்டிக்கு அடியில் ஒரு சாக்கு. சாக்கின் மேல் மணி. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், தெருவில் பிறந்த நாய்.

கார்த்திக் வீட்டுக்கு நான் வந்துபோவதைப் பார்த்து ஒரு நாள் செல்வியக்கா என்னை நிறுத்தினார். போன தீபாவளிக்கு, கேட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெரிய சரத்தைக் கொளுத்த, மணி கண்மண் தெரியாமல் மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். ஒரு வேன் இடித்துவிட்டது. பின்னங்கால் முறிவு. ஆட்டோவில் போட்டுக்கொண்டுபோய், கட்டுப்போட்டு, இரண்டு மாதம் அவனைத் தூக்கித் தூக்கி வைத்துத் தேற்றியிருக்கிறார். இன்னொரு அடி பட்டால் இந்த நாய் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா இருப்பது ஒற்றை அறை வீடு. நாயைக் கூட்டிவந்தால் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று வீட்டுச் சொந்தக்காரர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆக, தீபாவளிக்கு மணிக்கு இருப்பது அந்த வண்டி நிழல் மட்டும்தான்.

ஊரில் எத்தனையோ நாய்களைப் பார்க்கிறேன். கதவும் ஜன்னலும் இருக்கிற நாய்க்குத்தான் எனக்கு வைத்தியம் தெரியும். அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

“மாடில கீற நாய்க்கெல்லாம் பாடம் சொல்றீங்களே சார், கீய கீறவனுக்கும் ஒரு எயுத்து சொல்லிக் குடுங்க. இந்த வாட்டி அவன் ஓடுனான்னா திரும்பி வரமாட்டான்.”

ஆவடியில் ஒரு குழாய் ரிப்பேர்

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும், கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அந்தப் பேச்சை விட்டது ஆவடி தர்மலிங்கம் ஐயாவால். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டைகர் என்று ஒரு லாப்ரடார். நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு, கடைசியில் ‘தடவக் கூடாது’ என்பதற்கு அடியில் கோடும் போட்டார்.

இது சில வருஷத்துக்கு முன்னால். தீபாவளி சாயங்காலம் விசாரிக்கலாம் என்று போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். ஐயா பாத்ரூமில் குழாய் ரிப்பேர் பார்க்கிறார், இரண்டு மணி நேரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார், டைகரையும் காணவில்லை என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். குழாய்க்கு ஒரு கேடும் இல்லை. கவிழ்த்துப் போட்ட பக்கெட், அதன் மேல் மடித்த துண்டு, ஓரத்தில் ஒரு டிரான்சிஸ்டர், காலியான பிஸ்கெட் பாக்கெட். டைகர் ஹாலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து நான் சொல்வது வேறு: நாய் உங்களிடம் வந்தால் கூட இருங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அன்று ஐயா, நான் ஏதோ தண்டனை தரப்போகிறவன் மாதிரி விறைப்பாக நின்று சொன்னார்:

“நான் உங்க ஆர்டரை மீறலை மாஸ்டர். மீறினது டைகர். அவன்தான் என் மடியில ஏறிட்டான்.”

பட்டாசுக் கடைக்காரர் வீட்டுச் சிங்கம்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் வருஷா வருஷம் பட்டாசுக் கடை போடுகிற பாபு என்னைக் கூப்பிட்டபோது, போனில் கிசுகிசுவென்றுதான் பேசினார். வீட்டுக்குப் பின்பக்கமாக வரச் சொன்னார். அவர் நாய்க்குப் பெயர் சிங்கம். நான் போனபோது அது மாவு டிரம்முக்குப் பின்னால் இருந்தது. விசித்திரம் என்னவென்றால், தெருவில் வெடிச் சத்தமே இல்லை. பாபு வீட்டுக்குள் நுழைந்ததும்தான் அது ஒளிந்தது. அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கடையில் நாள் முழுக்க நின்ற சட்டையில் வெடிமருந்து வாசனை. அந்த வாசனை வந்தால் பின்னாலேயே வெடியும் வரும் என்று சிங்கம் முடிவு கட்டிவிட்டது.

சட்டையோடு நாயிடம் வராதீர்கள், குளித்துவிட்டு வாருங்கள் என்றேன். வியாபாரம் உச்சத்தில் இருக்கிற நாட்கள். தோளில் கனம் தூக்கி, நின்றபடி தின்று, களைத்துப்போய் வருகிற மனிதர். அப்படியும் தினமும் கடைக்குப் பின்னால் ஒரு பக்கெட் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்து, அங்கேயே வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்பினார். ஐந்தாம் நாள் சிங்கம் வாசலுக்கே வந்து அவர் காலைச் சுற்றியது. பெரிய உருவம், மீசை வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்:

“யார்கிட்டயும் சொல்லிடாத அண்ணாத்தே. பட்டாசுக் கடைக்காரன் ஊட்டு நாயே வெடிக்குப் பயந்துகினு கீதுன்னா, யாவாரம் படுத்துரும்.”

(பெயரையும் மீசையையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், பாபு.)

கோழிக்கறி தின்னாத நாய்

மணிக்குத் தினமும் பாடம் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தெருவில் போனை வைத்து மெல்லிய வெடிச் சத்தம் போட்டால், அதற்குள் லாரி ஒன்று ஹாரன் அடிக்கும். ஒரு மாதமாகியும் பலன் இல்லை. தூரத்தில் சாவு ஊர்வலம் ஒன்றில் வெடி போட்டார்கள். அவ்வளவுதான், மணி கோழிக்கறியைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. மூன்று கால் ஊன்றி, நாலாவதை இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினான். செல்வியக்கா பெட்டியை அப்படியே போட்டுவிட்டு அவன் மேல் விழுந்து பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை அன்று கருகியது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

ஒரு நாள் விடிகாலையில் போய், எதிர்ப்பக்கம் டீக்கடையில் சும்மா நின்று பார்த்தேன். ஆறரைக்குக் குடியிருப்பின் மோட்டார் ரூமில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. பழைய மோட்டார். ‘ங்ஙொய்’ என்று மதிலே அதிர்கிற சத்தம். என்னாலேயே பக்கத்தில் நிற்க முடியாது. மணியோ வாலை ஆட்டிக்கொண்டு மதிலோரமாகப் போய் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் முனை திரும்பி அக்கா வந்தார். கரியைப் பற்றவைத்தார். டீக்கடையில் வாங்கிய பொறை ரொட்டியை இரண்டாக உடைத்து அவனுக்குப் போட்டார்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன். அவன் குட்டியாக இருந்ததிலிருந்தே, ஆறு வருஷமாக என்றார். நான் ஆறு வாரத்தில் செய்வதை இந்த அம்மாள் ஆறு வருஷமாக, ஒரு நாள் தவறாமல், தனக்கே தெரியாமல் செய்து வைத்திருக்கிறார்! அந்த மோட்டார் சத்தம் வந்தால் கூடவே பொறையும் வரும், அக்காவும் வருவார். மணி முழுசாக நம்புகிற சத்தம் உலகத்தில் அது ஒன்றுதான். வெடியை அமுக்குகிற அளவுக்குப் பெரிய சத்தமும் அதுதான். அந்த ரூமுக்குக் கதவும் இருக்கிறது. நான் குதித்த குதியைப் பார்த்து அக்கா பயந்துவிட்டார்:

“இன்னா சார் ஆச்சு? நான் பொறை போட்டது ஒரு குத்தமா?”

சாவி

மோட்டார் ரூம் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானசேகரன் இடுப்பில்தான் இருக்கும், தூங்கும்போதுகூட. ‘வளாகத்தில் தெருநாய்களுக்கு உணவு வைக்கக் கூடாது’ என்று கேட்டில் தொங்குகிற பலகை அவர் எழுதியது. கார் மேல் நாய் ஏறிக் கீறுகிறது என்று அவருக்கு நிரந்தரப் புகார். பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு அவரிடம் போனேன். தீபாவளி சாயங்காலம் மூன்று மணி நேரம் அறையும் மோட்டாரும் வேண்டும், அதற்கு முன் தினமும் காலையில் பழக்க வேண்டும் என்றேன். மணி கால் நொண்டியான கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆறரைக்கு அவரே வந்து கதவைத் திறந்தார். நாய் மோட்டார் பக்கம் போகாதபடி குறுக்கே ஒரு பலகையும் அடித்து வைத்திருந்தார். அக்கா சாக்கை உள்ளே விரித்துப் பொறையை அங்கேயே போட்டார். முதலில் கதவு திறந்தபடி, பிறகு பாதி, இரண்டாம் வாரம் முழுக்கச் சாத்தி. சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார் என்பதால் அத்தனை நாளும் அவரே வந்தார். நாலாம் நாள் அவர் சட்டைப் பையில் பொறைத் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நன்றி சொல்லலாம் என்று ஒரு நாள் அவர் பக்கத்தில் போனபோது, மணியின் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நன்றியெல்லாம் வேண்டாம் சார். போன வருஷம் கேட் பக்கத்துல அந்தச் சரத்தைக் கொளுத்தினது நான்தான்.”

தொட்டி நிரம்பிய தீபாவளி

செல்வியக்கா மகளுக்கு அது தலைதீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்திருந்தார்கள். விருந்து போட்டுவிட்டு, ஐந்தரைக்கெல்லாம் அக்கா புதுப்புடவையோடு மோட்டார் ரூமுக்கு வந்து சாக்கில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்குச் செயலாளர் ஸ்விட்சைப் போட்டார். நான் கதவுக்கு வெளியே.

ஆறே காலுக்கு எதிர்வீட்டில் பெரிய சரம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். மணி எழுந்துவிட்டான். உடம்பு நடுங்குகிறது. நொண்டிக் கால் தரையில் படவே இல்லை. கதவைப் பார்த்தான். மோட்டார் பாட்டுக்கு ‘ங்ஙொய்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவனைப் பிடித்து இழுக்கவில்லை. தினமும் காலையில் உடைக்கிற மாதிரியே பொறையை இரண்டாக உடைத்து முன்னால் வைத்தார். ரொம்ப நேரம் அதைத் தொடவில்லை அவன். பிறகு ஒரு துண்டை எடுத்தான். பிறகு அவர் புதுப்புடவை மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டான். பயம் போகவில்லை, நடுக்கம் இருந்தது. ஆனால் அவன் ஓடவில்லை. எத்தனையோ நாய்களைப் பழக்கியிருக்கிறேன். அன்று அழுத மாதிரி அழுததில்லை.

ஏழு மணிக்கு மாடியிலிருந்து அருவி கொட்டியது. மூன்று மணி நேரம் மோட்டார் ஓடினால் தொட்டி நிரம்பும் என்பதை நானும் யோசிக்கவில்லை, முப்பது வீட்டுக்குத் தண்ணீர் பார்க்கிற செயலாளரும் யோசிக்கவில்லை. ஸ்விட்ச் பக்கம் போன அவர் கை பாதியில் நின்றது. வெளியே வெடி உச்சத்தில் இருந்தது. நிறுத்தினால் மணி என்ன ஆவான்? தண்ணீரை இப்படி வழியவிடவும் அந்த மனிதருக்கு உயிர் போகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு விரலால் தட்டி அனுப்பினார். கார்த்திக் எனக்கும் அனுப்பிய அதை இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன்:

“தொட்டி நிரம்பிவிட்டது. மோட்டாரை நிறுத்தினால் மணி பயப்படுவான். தயவுசெய்து எல்லோரும் உடனே துணி துவைக்கவும்.”

மறுநாள்

துவைத்தார்கள். நேரில் பார்த்திருக்காவிட்டால் இதை நானே நம்பியிருக்கமாட்டேன். ‘இன்னிக்கா?’ என்று ஒருவர்கூடக் குழுவில் கேட்கவில்லை. பட்டாசைப் பாதியில் வைத்துவிட்டுப் படியேறி ஓடினார்கள். மெஷின் இருந்த வீடுகளில் மெஷின், இல்லாத வீடுகளில் பக்கெட். அழுக்குத் துணி தீர்ந்ததும் போர்வை, போர்வை தீர்ந்ததும் ஜன்னல் திரை. கார்த்திக் வீட்டு மெஷின் ஓட ஓட, மோக்கா அதன் பின்னால் நிம்மதியாகத் தூங்கியதாம். மாடியில் அருவி நின்றது. ஒன்பது மணிக்குத் தெரு அடங்கிய பிறகு செயலாளர் மோட்டாரை நிறுத்திக் கதவைத் திறந்தார். மணி வெளியே வந்து, நேராக வண்டியின் சக்கரத்துக்குப் போய்க் காலைத் தூக்கினான்.

மறுநாள் சாயங்காலம் மணியைப் பார்க்கப் போனேன். முதலில் வண்டியே தெரியவில்லை. போர்வையும் திரையுமாக மதில் உயரத்துக்கு மூட்டைகள். முப்பது வீட்டுத் துணியும் ஒரே நாளில் இஸ்திரிக்கு வந்திருந்தது. மணி வண்டிக்கு அடியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். செல்வியக்கா இறங்கிய தோளோடு ஒரு நீளமான திரையைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்:

“இன்னா சார், பயந்தவன் காலை நீட்டித் தூங்கிக்கினு கீறான், நான் நின்னுகினு கீறேன். அடுத்த தீபாவளிக்கு இவனுக்கு இஸ்திரி போடவும் சேத்துக் கத்துக் குடுங்க!”

ஆகவே, என் சக கஷ்டவாளிகளே, அடுத்த தீபாவளிக்குச் சாத்திய ஜன்னல், பிடித்த தீனி, நிறையப் பொறுமை எல்லாவற்றோடும் கூட ஒரு கூடை அழுக்குத் துணியையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள்.